அம்மா கூப்பிடுவது கேட்கிறது, எனக்குப் பைத்தியமா?

(இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவை பக்கத்திலிருந்து எழுதிய வாசகிக்கு)

தங்கச்சி, இறந்துபோன அம்மா விடிய நாலரைக்கு "பிள்ளே, தேத்தண்ணி ஊத்துனியா" என்று கேட்பது காதில் விழுகிறதே, அது பைத்தியம் இல்லை. வேல்ஸில் டெவி ரீஸ் என்ற டாக்டர், கணவனையோ மனைவியையோ பறிகொடுத்த 293 பேரிடம் விசாரித்து 1971இல் எழுதினார். ஏறக்குறைய பாதிப்பேருக்கு இதுபோன்ற ஏதாவது ஓர் அனுபவம் இருந்தது. பலர், போனவர் பக்கத்திலேயே இருப்பதுபோல் உணர்ந்திருந்தார்கள். சிலருக்குக் குரலும் கேட்டிருக்கிறது. பெரும்பாலானவர்கள் அதை யாரிடமும் சொல்லவே இல்லை. நீங்கள் போனில் தேடி ஸ்கிசோஃப்ரினியா (மனச்சிதைவு நோய்) என்று பெயர் வைத்ததும், சித்தி மந்திரிக்கக் கூட்டிப்போனதும் ஒரே ரகம்தான். இரண்டும் பயத்தைக் கூட்டியதைத் தவிர வேறு என்ன செய்தன?

அம்மாவின் கொழுந்துக் கூடை இஸ்தோப்பிலேயே (வீட்டு முன் திண்ணையிலேயே) தொங்குகிறது, யாரையும் தொட விடுவதில்லை என்கிறீர்கள். தொங்கட்டும். நீங்கள் எழுதிய நெஞ்சடைப்புக்கு ஒரு ஈசிஜி, முடி கொட்டுவதற்கு இரத்தத்தில் இரும்புச்சத்து, இரண்டையும் கிளினிக் போகும்போது பார்த்துவிடலாம்.

என்னை உறுத்தியது கடிதத்தின் கடைசியில், பேச்சோடு பேச்சாக எழுதிய ஒரு வரி. "தம்பி ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) முடிச்சிட்டா போதும், அப்புறம் நானும் அம்மாகிட்ட போயிடலாம்." இதை ஏக்கம் என்று நான் விட்டுவிட மாட்டேன். அம்மாவின் தோட்டைத் தம்பி பெயருக்கு எடுத்து வைத்துவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் சேர்ந்தால், மற்ற வேலையையெல்லாம் போட்டுவிட்டுக் கவனிக்க வேண்டிய அறிகுறி. குரல் "என்கிட்ட வந்துடு" என்று சொல்லத் தொடங்கினால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. இந்த வரியை இன்று இரவே அண்ணனிடம் வாசித்துக் காட்டுங்கள். தாங்க முடியாத நேரத்தில் 1926க்கு எடுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம், இரவிலும் எடுப்பார்கள். தமிழில் பேச வேண்டும் என்று கேளுங்கள்.

அண்ணனுக்கு ஒரு வேலை. மரக்கறிக்கு அடிக்கும் மருந்தும் வீட்டிலுள்ள மாத்திரைகளும் உங்கள் கைக்கு எட்டாத இடத்துக்குப் போக வேண்டும், முடிந்தால் வேறு வீட்டுக்கு. 1990களின் நடுவில் தற்கொலையில் உலகிலேயே முன்னணியில் நின்ற நாடு இது. கொடிய பூச்சிமருந்துகளைத் தடைசெய்த பிறகுதான் எண்ணிக்கை பாதிக்கும் கீழே இறங்கியது. சாகத் தோன்றும் அந்தக் கெட்ட நேரம் பெரும்பாலும் கடந்து போய்விடும், கடக்கும்வரை கைக்குக் கிடைக்காமல் இருந்தால் போதும்.

பெரியம்மாவுக்கு எழுதிக் கொடுத்த டயசிபாம் என்ற பதற்ற மாத்திரையை ஏன் நீங்கள் விழுங்குகிறீர்கள்? துக்கத்துக்கு அது மருந்தே அல்ல, சில வாரத்திலேயே பழக்கமாகிவிடும். அதற்காக நாளைக்கே சட்டென்று நிறுத்தவும் வேண்டாம். மாதக்கணக்கில் போட்டதைத் திடீரென விட்டால் வலிப்புகூட வரலாம். டாக்டரிடம் உள்ளதைச் சொன்னால் படிப்படியாகக் குறைப்பார்.

இனி, அந்தத் தேயிலை மலை. குளவி கொட்டி அம்மா விழுந்த மலைக்கு 14 மாதமாக நீங்கள் போகவில்லை. அங்கே வேலை என்றால் அரைப்பேரோடு (அரைநாள் சம்பளத்தோடு) திரும்புகிறீர்கள், இல்லாவிட்டால் வேலைக்கே போவதில்லை. காய்ச்சல் என்ற அம்மாவை "பேர் போயிடும், போங்க" என்று அனுப்பியது நீங்கள்தான் என்று தினமும் உங்களையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் நீடித்த துக்கக் கோளாறு என்று ஒன்று உண்டு. 6 மாதம் தாண்டியும் துக்கம் அன்றாட வாழ்க்கையை முடக்கினால் அதை யோசிப்போம். நேரில் பார்க்காமல் முத்திரை குத்த மாட்டேன், ஆனால் உங்கள் கதை அந்தப் பக்கம்தான் போகிறது.

இதற்கென்றே வடிவமைத்த பேச்சுச் சிகிச்சை இருக்கிறது, சுமார் 16 அமர்வுகள். அம்மாவை மறக்கச் சொல்லித் தருவார்கள் என்று பயப்பட வேண்டாம். அந்த நாளில் நடந்ததைக் கண்ணை மூடி முழுதாகச் சொல்ல வைப்பார்கள். அம்மாவிடம் கேட்க நினைத்ததைக் கேட்டு, அம்மா என்ன சொல்லியிருப்பார் என்று நீங்களே பதிலும் சொல்வீர்கள். "நீ அனுப்பினதாலயா குளவி வந்துச்சு?" என்று அம்மாவின் வாயால் உங்கள் காது கேட்கும்போது, நான் பத்துத் தடவை சொன்னாலும் ஏறாதது ஏறும். முதல் சில வாரங்களில் அழுகை கூடும், அப்போது பாதியில் விட்டுவிடாதீர்கள்.

பிறகு ஒதுக்கிய இடத்துக்குச் சிறிது சிறிதாகப் போவது. முதலில் ரோட்டிலிருந்து பார்ப்பது, அப்புறம் மலை ஓரம்வரை. குளவிக்கூடு இன்னும் அங்கே இருந்தால் அது மனப்பயம் அல்ல, நிஜ ஆபத்து. கூட்டை அகற்றச் சொல்லிக் கங்காணியிடம் அண்ணன் பேசட்டும், அகற்றாமல் நீங்கள் ஏறக் கூடாது.

டிக்கோயா ஆதார வைத்தியசாலையில் மனநலக் கிளினிக் எந்த நாள் என்று விசாரித்து, இந்த வாரமே அண்ணனோடு போங்கள். அரச ஆஸ்பத்திரி, காசு வேண்டாம். எனக்கு எழுதிய அதே வரியை அங்கேயும் முதலில் சொல்லுங்கள். முடி கொட்டுவதைப் பிறகு சொல்லலாம்.