கோவையில் கடைக்குக் கடை ஹார்டு டிஸ்க் தரம் மாறுமா?

ஈரோட்டைவிடக் கோவை காந்திபுரத்தில் வாங்கினால் டிஸ்க் நன்றாக உழைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லைங்க. ஹார்டு டிஸ்க் தயாரிப்பதே சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா என்று மூன்று கம்பெனிகள்தான். எந்தக் கடைக்கும் சரக்கு அங்கிருந்துதான் வருகிறது.

மாறுவது கடைக்காரரின் நேர்மை. கழற்றிய பழைய டிஸ்க்கைத் துடைத்துப் புதுக் கவரில் போட்டுத் தருபவர்களும் உண்டு. கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் 'பவர் ஆன் ஹவர்ஸ்', அதாவது டிஸ்க் இதுவரை ஓடிய மணி நேரம், எவ்வளவு என்று பாருங்கள். புதுசு என்றால் பூஜ்யத்தை ஒட்டி இருக்கும். அதையும் அழிக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். 2025 தொடக்கத்தில் ஐரோப்பாவில் புதுசு என்று விற்ற சீகேட் டிஸ்க்குகள் பல அப்படித்தான் மாட்டின. ஓடிய நேரத்தை டிஸ்க்குக்குள்ளேயே தனியாகக் குறித்து வைக்கும் 'ஃபார்ம்' என்ற உள்பதிவு காட்டிக்கொடுத்தது.

பில் போடும் முன்பே சீரியல் நம்பரைக் கம்பெனி தளத்தில் அடித்து, இந்திய வாரண்டி இருக்கிறதா பாருங்கள். "கடை வாரண்டி தர்றோம்ங்க" என்று மட்டும் சொன்னால் அடுத்த கடைக்குப் போய்விடலாம்.