சிறுநீர்ப்பை வலிக்கு போடாக்ஸ் ஊசி: கேள்வி பதில்

யூராலஜி (சிறுநீர்ப் பாதை நோய்) ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸாக வேலை பார்த்தவள் நான். தீராத சிறுநீர்ப்பை வலி பற்றி நம் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தவர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். உங்கள் உடம்பைப் பார்த்து முடிவு செய்ய வேண்டியவர் டாக்டர்தான்.

காரிமங்கலம்: சிஸ்டர், போடாக்ஸ் முகச் சுருக்கத்துக்குப் போடுவதுதானே? விஷம் என்கிறார்களே?

அதே மருந்துதான்மா. கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற பாக்டீரியா சுரக்கும் நச்சு. அதைச் சுத்திகரித்து மிகமிகச் சிறிய அளவில் கொடுக்கிறார்கள். அமெரிக்காவில் 1989-ல் முதலில் அனுமதி கிடைத்ததே மாறுகண்ணுக்கும் இமைத் துடிப்புக்கும்தான். நரம்புக் கோளாறால் வரும் சிறுநீர்ப்பைத் தொல்லைக்கு 2011-லும், அடக்க முடியாத அவசரத்துக்கு 2013-லும் அனுமதித்தார்கள். நரம்பு முனையிலிருந்து தசைக்குப் போகும் சமிக்ஞையை இது தடுக்கும். வலியைக் கடத்தும் பொருட்கள் வெளிவருவதையும் குறைக்கும். அதனால்தான் வலிக்கும் போடுகிறார்கள். ஆனால் வலிக்கென்று அமெரிக்காவில் தனி அனுமதி கிடையாது. ஊசிக்குச் சம்மதக் கையெழுத்து வாங்கும்போது இதை உங்களிடம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள்.

பென்னாகரம்: ஒண்ணுக்கு சேரச் சேர வலி, போனால் குறைகிறது. மூன்று வருடமாக இப்படித்தான். யூரின் கல்ச்சரில் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை) ஒன்றுமில்லை. ஆன்டிபயாடிக் வாங்கி வாங்கிச் சாப்பிடுகிறேன். நேராக ஊசி போட்டுக்கொள்ளலாமா?

முதலில் மருந்துக்கடையில் நீங்களாக ஆன்டிபயாடிக் வாங்குவதை நிறுத்துங்கள் தங்கை. கிருமியே இல்லாத இடத்தில் அது என்ன செய்யும்?

நீங்கள் சொல்லும் அடையாளம் சிறுநீர்ப்பை வலி நோய்க்குப் பொருந்துகிறது. ஆனால் மற்றதெல்லாம் இல்லை என்று பார்த்த பிறகே அந்தப் பெயரை வைக்க வேண்டும். கல் இருக்கிறதா, கர்ப்பப்பையில் ஏதாவதா, யூரினில் ரத்தம் வந்தால் கட்டியா என்று பார்ப்பார்கள். நம் ஊரில் காசநோயை மறக்கவே கூடாது. அந்தக் கிருமி சாதாரண கல்ச்சரில் வளராது. யூரினில் சீழ் செல் தொடர்ந்து இருந்து, கல்ச்சர் மட்டும் சுத்தமாக வந்தால், காசநோய்க்குத் தனியாகப் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

அப்புறம் சிஸ்டோஸ்கோப்பி. உள்ளே கேமரா விட்டுப் பார்க்கும்போது சிலருக்குச் சிவந்த திட்டாக ஹன்னர் புண் தெரியும். அதைக் கரித்தாலோ, அங்கேயே ஸ்டீராய்டு போட்டாலோ நல்ல பலன் உண்டு. அவர்களுக்கு அதுதான் முதல் வழி, போடாக்ஸ் இல்லை.

புண் இல்லையென்றால் ராத்திரியில் வலி குறைக்கக் குறைந்த அளவு அமிட்ரிப்டிலின் மாத்திரை, பைக்குள் மருந்து விடுவது, இறுகிப்போன இடுப்புத் தசைகளைத் தளர்த்தும் பிசியோதெரபி என்று பல படிகள் உண்டு. இடுப்புத் தசையை இறுக்கும் பயிற்சி மட்டும் வேண்டாம், வலி கூடிவிடும். காபி, புளி, தக்காளி, மிளகாயைச் சில வாரம் நிறுத்தி, ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பாருங்கள். எது வலியைக் கிளப்புகிறதோ அதை மட்டும் விட்டால் போதும். களிக்குப் புளி சேர்க்காத கீரைக் கடைசல் போதுமே. இதெல்லாம் பார்த்தும் தீரவில்லை என்றால்தான் ஊசி.

கிருஷ்ணகிரி: மனைவிக்கு ரிப்போர்ட் எல்லாம் நார்மல். மனசுதான் காரணம் என்கிறார்கள்.

இல்லை தம்பி. ரிப்போர்ட் நார்மலாக இருந்தும் வலிப்பதுதான் இந்த நோயின் இயல்பே. ராத்திரி பலமுறை எழுந்து போகிறவரிடம் மனசு என்று சொல்வது கொடுமை. அடுத்த முறை டாக்டரிடம் நீங்களும் கூடப் போங்கள்.

ஓசூர்: கம்பெனி வேலை, ஷிப்ட். ஊசியை எப்படிப் போடுவார்கள்? எத்தனை நாள் லீவு வேண்டும்?

பெரும்பாலும் அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம். மரத்துப்போகும் ஜெல் வைத்தோ மயக்கம் கொடுத்தோ, கேமராக் குழாய் வழியாக மெல்லிய ஊசியை உள்ளே விடுவார்கள். அடிக்கடி போடும் அளவு 100 யூனிட். குப்பியைக் குலுக்காமல், சலைன் விட்டு மெதுவாகக் கரைப்போம். 10 மில்லியாக்கி, அரை மில்லி வீதம் 20 இடத்தில் குத்துவது வழக்கமான முறை. வலிக்காகப் போடும்போது சில டாக்டர்கள் பையின் அடிப்பகுதியில் மட்டும் போடுவார்கள். ஓரிரு நாள் எரிச்சல் இருக்கும், லேசாக ரத்தம் கலந்து வரும். சில நாள் லீவும், பையில் நீர் தங்குகிறதா என்று பார்க்க இரண்டு வாரத்துக்குள் ஸ்கேனுக்கு ஒரு நாளும் வைத்துக்கொள்ளுங்கள்.

அரூர்: ஊசிக்கப்புறம் ஒண்ணுக்கே வராமல் போகுமா? டியூபோடு இருக்கணுமா?

கையெழுத்துப் போடும் முன் எல்லோரும் கேட்க வேண்டிய கேள்வி இது. தசை தளர்வதால் சிலருக்குப் பை முழுசாகக் காலியாகாது. அப்போது மெல்லிய டியூபை நீங்களே விட்டு, நீரை வடித்து, எடுத்துவிட வேண்டும். மருந்தின் வேகம் குறையும் வரை, சில வாரமோ சில மாதமோ, தினம் சில தடவை செய்ய வேண்டியிருக்கும். எல்லோருக்கும் இப்படி ஆகாது. ஆனாலும் ஊசிக்கு முன்பே நர்ஸிடம் கேட்டு, கண்ணாடி வைத்து ஒரு தடவை செய்து பாருங்கள். ‘என்னால் முடியவே முடியாது’ என்று தோன்றினால் இந்த ஊசி வேண்டாம் என்பதுதான் என் கருத்து.

ஊத்தங்கரை: அம்மாவுக்கு சுகர். போடலாமா?

சுகர் உள்ளவர்களுக்கு நீர் தங்கும் வாய்ப்பு கூடுதல். நன்மை தீமையை டாக்டர் எடைபோட்டுச் சொல்வார். யூரின் இன்ஃபெக்ஷன் இருக்கும்போது போடக் கூடாது. கர்ப்பம், மயஸ்தீனியா போன்ற தசை பலவீன நோய், ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை, ஜென்டாமைசின், அமிகாசின் போன்ற ஆன்டிபயாடிக் ஊசி, இதில் எது இருந்தாலும் முன்பே சொல்லிவிடுங்கள்.

தர்மபுரி: எவ்வளவு நாள் தாங்கும்? சேலம் போவதா, பெங்களூரா?

சில மாதம்தான் தாங்கும், அப்புறம் திரும்பப் போட வேண்டியிருக்கும். இரண்டு ஊசிக்கு நடுவே குறைந்தது மூன்று மாதமாவது இடைவெளி வேண்டும். எந்த ஊரில் போட்டாலும் மருந்தின் பிராண்டையும் யூனிட்டையும் டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதி வாங்குங்கள். ஒரு பிராண்டின் 100 யூனிட்டும் இன்னொன்றின் 100 யூனிட்டும் ஒன்றல்ல. ராத்திரி நீர் அடைத்துக்கொண்டால் பெங்களூருக்கு பஸ் ஏற முடியாது. உடனே டியூப் போடக்கூடிய பக்கத்து ஆஸ்பத்திரி எது என்று முன்பே விசாரித்து வையுங்கள். அடைத்துக்கொண்டால் அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு அங்கே போங்கள்.