டோர்ச் உடல் சூடாகவில்லை, எல்.ஈ.டி. மங்குகிறது

கேள்வி: வயல் காவலுக்குப் பழைய அலுமினிய டோர்ச் ஒன்றில் 10 வாட் எல்.ஈ.டி.யையும் ஒரு 18650 லித்தியம் பற்றரியையும் நேரடியாக இணைத்தேன். ஐந்து நிமிடத்தில் வெளிச்சம் நீலம் பாய்ந்து மங்குகிறது. உடல் சூடாகவே இல்லை. ஏன்?
– வாசகர், வெல்லாவெளி

பதில்: உடல் சூடாகாததுதான் கோளாறு. எல்.ஈ.டி.க்குப் போகும் மின்சாரத்தில் பாதிக்கு மேல் வெப்பமாகிறது. அது அலுமினியத்துக்கு இறங்காமல் உள்ளேயே நிற்கிறது. எல்.ஈ.டி. தகட்டைக் குளூ கன் பசையால் ஒட்டியிருந்தால் முழுவதும் சுரண்டி எடுங்கள். அடியில் 3 மில்லிமீற்றர் தடிப்பான அலுமினிய வட்டம் ஒன்றை, டோர்ச் சுவரோடு இறுக்கமாகப் பொருந்தும்படி அராவிப் போடுங்கள். தேர்மல் பேஸ்ட்டை (வெப்பம் கடத்தும் பசை) மெல்லிய படலமாக மட்டும் பூசி, தகட்டை இரண்டு திருகாணிகளால் இறுக்குங்கள். பேஸ்ட் தடித்தால் வெப்பம் கடக்காது.

அடுத்தது மின்னோட்டம். நிறைந்த பற்றரி 4.2 வோல்ற் தரும். இந்த வகை எல்.ஈ.டி.க்கு ஏறக்குறைய 3 வோல்ற் போதும். நேரடி இணைப்பில் மின்னோட்டத்துக்குக் கடிவாளமே இல்லை. பின்மூடியைக் கழற்றி, மல்டிமீற்றரை 10 அம்பியரில் வைத்து, பற்றரியின் எதிர்முனைக்கும் உடல் விளிம்புக்கும் இடையில் அளவிடுங்கள். 3 அம்பியரைத் தொட்டால், நான்கு 7135 சிப் கொண்ட ட்ரைவரை (மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் சிறு சுற்றுப்பலகை) இடையில் போடுங்கள், 1.4 அம்பியரில் நிற்கும். வெளிச்சம் குறைவது கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது.

திருத்தியபின் உடல் மெல்லச் சூடேறும், அது நல்லது. பற்றரியே சுட்டால் மட்டும் உடனே அணைத்துக் கழற்றுங்கள்.