ஈய வீரர்களும் வெள்ளைப் பொடியும்: வாசகர் கேள்வி – பதில்

1970களிலும் 80களிலும் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் கற்பனைப் போர் விளையாட்டுகளுக்காக வார்த்த மினியேச்சர்கள், அதாவது சிறு உலோகப் பொம்மைகள் (ஓர்க், குள்ளர், மந்திரவாதி, எலும்புக்கூட்டு வீரர்) நம் டர்பன், மாரிட்ஸ்பர்க், ஜோஹன்னஸ்பர்க் வீடுகளில் எத்தனையோ பெட்டிகளில் இன்னும் தூங்குகின்றன. அவற்றைத் திறந்து பார்த்தவர்களிடமிருந்து வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம்.

என் அண்ணன் சேர்த்துவைத்த உலோகப் பொம்மைகள் பல வருடமாக மரக் கண்ணாடி அலமாரியில் இருக்கின்றன. சிலவற்றின் காலடியிலும் கேடயத்தின் பின்புறமும் மாவு போல வெள்ளையாகக் கிளம்புகிறது. துடைத்தால் போகிறது, சில மாதத்தில் மறுபடியும் வருகிறது. ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தொற்றுமா?
— வாசகி, டோங்காட்

அம்மா, அந்தப் பொடியை இனி உலர்ந்த துணியால் துடைக்காதீர்கள், வாயால் ஊதவும் வேண்டாம். அது ஈயக் கார்பனேட். மூச்சோடு போனாலும் விரலோடு வாய்க்குப் போனாலும் நஞ்சு. குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்த அலமாரிப் பக்கமே வர வேண்டாம்.

தொற்றுநோய் போல ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் பரவுவதில்லை. ஆனால் எல்லாப் பொம்மைகளும் ஒரே காற்றில் இருப்பதால் ஒன்றன்பின் ஒன்றாக விழும். காரணம் அலமாரிதான். மரம் மெல்ல மெல்ல அசெட்டிக் அமில ஆவியை விடும். ஓக் மரமும் எம்.டி.எஃப். எனும் மரத்தூள் அழுத்திய பலகையும் இதில் மிக மோசம். கண்ணாடிக் கதவை மூடி வைத்தால் ஆவி வெளியே போக வழியில்லை. அந்த அமிலம் ஈயத்தோடு சேர்ந்து ஈய அசெட்டேட் ஆகிறது. பிறகு காற்றிலுள்ள ஈரமும் கரியமில வாயுவும் சேர்ந்து அதை வெள்ளைக் கார்பனேட்டாக மாற்றுகின்றன. அப்போது அமிலம் மறுபடி விடுபட்டு அடுத்த ஈயத்தைப் பிடிக்கிறது. நீங்கள் துடைத்தும் திரும்பத் திரும்ப வருவது இதனால்தான். டர்பன் கடற்கரைப் பக்கத்து ஈரக் காற்று இந்தச் சுற்றுக்கு நல்ல தீனி.

செய்ய வேண்டியது இது. ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு, காற்றோட்டமான இடத்தில், சமையலறைக்கு வெளியே உட்காருங்கள். பழைய ஐஸ்கிரீம் டப்பாவில் வெதுவெதுப்பான நீரும் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவமும் போதும். பொம்மையை நீருக்குள்ளேயே வைத்து மென்மையான பல் துலக்கியால் தேயுங்கள். பொடி நீரில் தங்க வேண்டும், காற்றில் பறக்கக் கூடாது. பிறகு பெட்ரோல் நிலையத்தில் பேட்டரிக்கென்று விற்கும் காய்ச்சி வடித்த நீரில் இரண்டு முறை அலசி, ஹேர் டிரையரின் மிதமான சூட்டில் உடனே உலர்த்துங்கள். மடிப்புகளிலும் இடுப்புப் பட்டைக்கு அடியிலும் ஈரம் நிற்காமல் பாருங்கள். அன்றைக்கே பிரைமர் (வண்ணம் பிடிக்க அடியில் பூசும் முதல் பூச்சு) பூசிவிடுங்கள். வண்ணம் அடிக்க மனமில்லையென்றால் வார்னிஷாவது ஒரு கை பூசுங்கள். பொடியின் மேலேயே பூசினால் அது உள்ளே வளர்ந்து பூச்சைத் தோலாக உரித்துவிடும். கழுவிய நீரை டிஷ்யூவில் ஒற்றி எடுத்து, பைக்குள் கட்டி அப்புறப்படுத்துங்கள். தொட்டியில் கொட்ட வேண்டாம்.

வினிகரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ ஊறவைத்தால் பளபளப்பாகும் என்று சிலர் சொல்வார்கள். வினிகர் என்பதே அசெட்டிக் அமிலம்தான். நோய்க்குக் காரணமானதையே மருந்தாகக் கொடுக்க வேண்டாம்.

இனி அவை மர அலமாரிக்குத் திரும்பக் கூடாது. அட்டைப் பெட்டியும் வேண்டாம். அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று அச்சிட்ட பாலிபுரொப்பிலீன் டப்பாவில், ஆரஞ்சு நிறச் சிலிக்கா ஜெல் பை ஒன்றோடு வையுங்கள். ஜெல் பச்சையானால் ஈரம் குடித்துவிட்டது என்று அர்த்தம். மணிகளைத் தட்டில் பரப்பி 120 டிகிரி சூட்டில் இரண்டு மணி நேரம் வைத்தால் மறுபடி ஆரஞ்சாகும். பழைய பெட்டிகளோடு வந்த ஸ்பாஞ்சு மெத்தைகளையும் தொட்டுப் பாருங்கள். அவை நாளாவட்டத்தில் பிசுபிசுத்து உதிரும். அப்படியிருந்தால் பொம்மையைத் தனியே எடுத்துவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை: சீரான, பொடி உதிராத, மங்கிய சாம்பல் நிறம் நோயல்ல. அது ஈயம் தனக்குத்தானே போர்த்திக்கொள்ளும் காப்பு. அதைத் தேய்த்து எடுக்காதீர்கள்.

1989-ல் வந்த ஹீரோகுவெஸ்ட் (பிளாஸ்டிக் உருவங்கள் கொண்ட பலகை விளையாட்டு) பெட்டி ஒன்றும், கூடவே இருபது உலோக வீரர்களும் கிடைத்தன. எல்லாவற்றிலும் தடிமனாகப் பெயிண்ட். எதைப் போட்டு எடுப்பது?
— வாசகர், சாட்ஸ்வொர்த்

எடுக்கத்தான் வேண்டுமா என்று முதலில் பாருங்கள். விரல் மோதிரம், பை முடிச்சு, பல் வரிசை தெரிகிறதென்றால் பூச்சு மெல்லியது. அதன் மேலேயே வேலை செய்யலாம். அக்காலத்தில் யாரோ கவனமாக அடித்ததாகத் தெரிந்தால் தொடவே தொடாதீர்கள். அந்தக் கைவேலையும் பழம்பொருள்தான், திரும்ப வராது. விவரம் எல்லாம் பெயிண்டில் முழுகிப் போயிருந்தால் மட்டும் எடுங்கள்.

அக்ரிலிக் பெயிண்டுக்கு நம் மருந்துக் கடையில் கிடைக்கும் பழுப்பு நிற டெட்டால் போதும். உலோகம், பிளாஸ்டிக் இரண்டுக்கும் ஆபத்தில்லை. நீர் கலக்காமல் கண்ணாடி ஜாடியில் ஊற்றி, பொம்மை முழுகும்படி 24 மணி நேரம் மூடி வையுங்கள். பிறகு செய்யும் வேலையில்தான் பலர் கெடுத்துக்கொள்கிறார்கள்: ஜாடியிலிருந்து எடுத்ததும் குழாயடியில் காட்டுவார்கள். நீர் பட்டவுடன் டெட்டால் பாலாகத் திரிந்து, இளகிய பெயிண்ட் பிசினாக ஒட்டிக்கொள்ளும். பல் துலக்கியை டெட்டாலிலேயே நனைத்துத் தேயுங்கள். இன்னொரு கிண்ணத்தில் சுத்தமான டெட்டால் ஊற்றி அதில் அலசுங்கள். டிஷ்யூவில் ஒற்றிவிட்டுப் பாத்திரம் கழுவும் திரவத்தை அப்படியே பூசித் தேய்த்து, கடைசியில்தான் நீர்.

ஹம்ப்ரால் போன்ற எனாமல் பெயிண்டாக இருந்தால் டெட்டால் திணறும். உலோகத்துக்கு அசெட்டோன் போடலாம். மூடியுள்ள கண்ணாடி ஜாடியில், வீட்டுக்கு வெளியே, நெருப்புப் பக்கம் இல்லாமல். பிளாஸ்டிக் அடித்தட்டைக் கழற்றாமல் போட்டால் அது கரைந்து கூழாகிவிடும். ஹீரோகுவெஸ்ட் பொம்மைகளை அசெட்டோன் இருக்கும் மேசைக்கே கொண்டுபோகாதீர்கள்.

பெட்டி முழுதாக இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். 35 உருவங்கள் வேண்டும்: நாயகர் 4, ஓர்க் 8, காப்ளின் 6, ஃபிமிர் 3, எலும்புக்கூடு 4, ஜாம்பி 2, மம்மி 2, கேயாஸ் வீரர் 4, கேயாஸ் மந்திரவாதி 1, கார்காயில் 1. மதிப்பு குறைந்த ஓர்க் ஒன்றில் சோதித்துவிட்டு மற்றதைத் தொடுங்கள்.

ஸ்பிரே பிரைமர் அடித்தால் மணல் ஒட்டியது போல் சொரசொரப்பாகிறது. மேட் (பளபளக்காத) வார்னிஷ் அடித்தாலோ பனி படிந்தது போல் வெளுக்கிறது. டப்பா கெட்டதா?
— வாசகர், ஃபீனிக்ஸ்

டப்பா பெரும்பாலும் கெட்டிருக்காது, நாள்தான் சரியில்லை. உங்களுக்கு நேர்ந்தவை இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரான கோளாறுகள். பெர்க் காற்று வீசும் நாளில் சூடும் வறட்சியும் அதிகம். பெயிண்ட் பொம்மையை எட்டும் முன்பே காற்றில் காய்ந்து தூளாக விழுகிறது. அது சொரசொரப்பு. கோடை மழைக்காலத்திலோ, கரைப்பான் சட்டென்று ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் பூச்சுக்குள் சிக்குகிறது. நுண்ணிய குழிகள் ஒளியைச் சிதறடிக்கின்றன. அது வெளுப்பு.

ஹார்டுவேர் கடையில் ஈரப்பதம் காட்டும் சின்னக் கருவி ஒன்று வாங்கி வையுங்கள். 65 விழுக்காட்டுக்குக் கீழே, 18 முதல் 27 டிகிரிக்குள் இருக்கும் நாளில் மட்டும் அடியுங்கள். டப்பாவை இரண்டு நிமிடம் முழுதாகக் குலுக்கி, 20 – 25 செ.மீ. தூரத்தில், பொம்மைக்கு வெளியே தொடங்கி வெளியே முடியும்படி இழுங்கள். ஒரே இடத்தில் நிறுத்த வேண்டாம். இரண்டு மெல்லிய பூச்சு போதும். நல்ல நாளுக்காகக் காத்திருக்க முடியாவிட்டால் தூரிகையால் பூசும் அக்ரிலிக் பிரைமருக்கு மாறிவிடுங்கள். எங்கள் கருத்தில் டர்பன்காரர்களுக்கு அதுவே மேல்.

வெளுத்ததை மீட்கலாம். பளபளப்பு வார்னிஷை மெல்லியதாகத் தூரிகையால் பூசினால் அது குழிகளை நிரப்பி, கீழே உள்ள வண்ணம் திரும்பத் தெரியும். நன்றாகக் காய்ந்தபின் மேட் வார்னிஷைத் தூரிகையாலேயே பூசுங்கள். சொரசொரப்பான பிரைமருக்கு மட்டும் வழியில்லை, எடுத்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டியதுதான்.

குளிர்காலத்தில் பெயிண்ட் தட்டிலேயே காய்ந்துவிடுகிறது.
— வாசகர், லெனேசியா

ஹைவெல்ட் குளிர்காலத்து வறட்சிக்கு ஈரத்தட்டுதான் மருந்து. மூடியுள்ள தட்டையான டப்பாவில் நனைத்த சமையலறை டிஷ்யூ நான்கு மடிப்பு, அதன் மேல் கேக் சுடும் பார்ச்மென்ட் தாள், தாளின் மேல் பெயிண்ட். மெழுகுத்தாள் உதவாது, ஈரம் மேலே வராது. மூடி வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும்.

பிரிட்டனிலிருந்து ஒருவர் 1980களின் சிட்டடெல் (கேம்ஸ் வொர்க்‌ஷாப்பின் மினியேச்சர் பெயர்) காப்ளின்கள் விற்கிறார். அசல்தானா என்று படத்தைப் பார்த்தே கண்டுபிடிக்க முடியுமா?
— வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

ஓரளவு முடியும். நான்கு படம் கேளுங்கள்: அடிப்பகுதி, காலுக்குக் கீழுள்ள பட்டையின் இரு பக்கம், பக்கவாட்டுத் தோற்றம், கைகள் கிட்டத்தில். 1980களின் நடுவில் அந்தப் பட்டையைப் பிளாஸ்டிக் அடித்தட்டின் பிளவில் செருகும் முறை வந்தது. அதற்கு முந்தியவற்றில் அடித்தட்டு உலோகத்தோடு சேர்ந்தே இருக்கும். செருகும் வகையில் பட்டையில் நிறுவனப் பெயரும் பல சமயம் ஆண்டும் இருக்கும். எழுத்து மழுங்கியிருந்தால் சந்தேகப்படுங்கள்.

போலி என்பது பெரும்பாலும் அசலையே அச்செடுத்து மறுபடி வார்த்தது. உலோகம் ஆறும்போது சுருங்குவதால் நகல் கொஞ்சம் சிறிதாகும். 30 மி.மீ. உயரத்தில் அரை மி.மீ. வரை குறையலாம். வெர்னியர் காலிப்பரால் அசலோடு ஒப்பிட்டால் பிடிபடும். விரல்களுக்கு நடுவே உலோகம் அடைத்திருப்பது, மூக்கு நுனியில் குமிழிக் குழி, அச்சுக் கோடு இரட்டையாகத் தெரிவது ஆகியவையும் அடையாளம்.

கைக்கு வந்தபின் பட்டையின் அடியை வெள்ளைத் தாளில் இழுங்கள். ஈயம் மிகுந்தது பென்சில் போலக் கோடு போடும். அமெரிக்க நிறுவனமான ரால் பார்த்தா 1993-லும் கேம்ஸ் வொர்க்‌ஷாப் 1997-லும் ஈயமற்ற கலவைக்கு மாறின. ஆகவே ‘1985’ என்று சொல்லி விற்றது கோடே போடாமல், இலேசாகவும் விறைப்பாகவும் இருந்தால் விற்றவரிடம் விளக்கம் கேளுங்கள். விலையைப் பேசும்போது தபால் செலவோடு இங்கே கட்ட வேண்டிய சுங்கத்தையும் 15 விழுக்காடு வாட் வரியையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

எந்தப் பழைய கேட்டலாக்கைப் பார்த்தாலும் வீரர்கள் எல்லாம் இளஞ்சிவப்புத் தோல்தான். என் வீரனுக்கு நம் நிறம் வேண்டும். ஆனால் நான் அடித்தால் முகம் சாம்பல் பூசியது போலாகிறது.
— வாசகி, வெருலம்

வெளிச்சத்துக்கு வெள்ளை கலக்கிறீர்கள், அதனால்தான். வெள்ளை, பழுப்பின் சூட்டைக் கொன்றுவிடும். அடர் பழுப்பு மூன்று பங்கு, செங்கல் சிவப்பு ஒரு பங்கு சேர்த்து அடி வண்ணம் போடுங்கள். அது காயும் முன் வேறெதுவும் தொட வேண்டாம். அதே கலவையில் காவி மஞ்சள் ஒரு பங்கு சேர்த்து நெற்றி, கன்ன எலும்பு, மூக்குத் தண்டு, தோள். இன்னொரு பங்கு சேர்த்து அதே இடங்களில் சிறிய பரப்பு. கடைசியாக மட்டும் ஒரு துளி யானைத் தந்த நிறம் கலந்து மூக்கு நுனி, கீழ் உதட்டின் நடு, விரல் கணுக்களில் புள்ளி வையுங்கள்.

நிழலுக்குக் கறுப்பு வேண்டாம். அடர் ஊதாவை ஐந்து பங்கு நீரில் கரைத்து, தாடைக்கு அடியிலும் கண்குழியிலும் மட்டும் விடுங்கள். பழுப்புத் தோலில் ஊதா நிழல் எவ்வளவு உயிரோடு இருக்கும் என்பதைச் செய்து பார்த்தால்தான் தெரியும். உள்ளங்கை வெளிறியும் சற்றுச் சிவந்தும் இருக்கட்டும், பலர் மறக்கும் இடம் அது. கண்ணைத் தோலுக்கு முன்பே வரைந்துவிடுங்கள். கறுப்புக் கோடு, அதன் மேல் யானைத் தந்த நிறம், நடுவில் புள்ளி. பிசகினால் தோல் வண்ணத்தால் ஓரத்தைச் சரிசெய்யலாம். பளிச்சென்ற வெள்ளையில் கண் போட்டால் வீரன் மிரண்டு நிற்பான்.

உலோக வாள் வளைந்திருக்கிறது. நிமிர்த்தினால் முறியுமா?
— வாசகர், க்கெபெர்ஹா

தம்பி, ஈயக் கலவையென்றால் நிமிரும், ஆனால் ஓரிரு முறைதான். ஒவ்வொரு வளைவிலும் உலோகம் அந்த இடத்தில் களைத்துப்போகும். நகத்தால் நெம்பாமல், வாளின் முழு நீளத்தையும் இரு விரலால் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக அழுத்துங்கள். குறடு வேண்டுமென்றால் பல் இல்லாததாகப் பார்த்து, வாய்க்குத் துணி சுற்றுங்கள். வளைந்த இடத்தில் மயிரிழை போல விரிசல் தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அரைகுறை வளைவோடு இருக்கும் அசல் வாளே நல்லது.

முறிந்தே போனால், 0.8 அல்லது 1 மி.மீ. துரப்பண ஊசியைக் கைத்துளைப்பானில் மாட்டி இரு பக்கமும் 3 மி.மீ. ஆழம் துளைத்து, அதே தடிமனுள்ள பித்தளைக் கம்பியைச் செருகி சூப்பர் குளூவால் ஒட்டுங்கள். அலகு கம்பியைவிட மெல்லியதாக இருந்தால் துளை பக்கவாட்டில் வெடித்துவிடும். அப்போது கைப்பிடியோடு புது வாளாக மாற்றுவதே வழி. அடித்தட்டில் உள்ள இடைவெளியை அடைக்க க்ரூகர்ஸ்டார்ப்பில் தயாராகும் பிராட்லி புட்டி கல் போல இறுகும். பட்டை, துணி மடிப்பு போன்ற நுட்பத்துக்கு அது தோதுப்படாது, அதற்குப் பச்சை எப்பாக்சி புட்டியை வாங்குங்கள். துளைக்கும்போது விழும் ஈயத் துருவலை ஈரத் துணியில் சேர்த்து எடுத்துவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகு சாப்பிட உட்காருங்கள்.