ஏறுநெற்றி: 26 வயதில் மருந்தா, முடி மாற்று அறுவையா?

வயது 26 ஆகிறது, நெற்றியின் இரு ஓரங்களும் மேலேறுகின்றன, அப்பாவுக்கு அடர்ந்த முடி இருக்கும்போது எனக்கு மட்டும் ஏன் இப்படி, மருந்து பலன் தருமா அல்லது நேராக முடி மாற்று அறுவைக்குப் போய்விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மருத்துவன் அல்லன். இதே கேள்வியோடு 28 வயதில் தோல் மருத்துவரிடம் போனவன், ஒன்பது ஆண்டுகளாக மருந்து எடுத்துக்கொண்டிருப்பவன்.

எனக்கு அப்போது இருந்த பெரிய குழப்பம், தலையணையில் கிடக்கும் முடிகளை எண்ணிக்கொண்டிருந்ததுதான். நாளொன்றுக்கு நூறு முடி வரை உதிர்வது எவருக்கும் இயல்பு. ஆண்வகை வழுக்கையில் நோய் உதிர்வதில் இல்லை, சிறுப்பதில் இருக்கிறது. ஒரு முடி இரண்டு முதல் ஆறு ஆண்டுகள் வளர்ந்து, மூன்று மாதம் போல ஓய்ந்து, உதிர்ந்து, அதே மயிர்க்காலிலிருந்து மீண்டும் முளைக்கிறது. டெஸ்டோஸ்டிரோனிலிருந்து உண்டாகும் டிஎச்டி என்னும் ஹார்மோன், அதற்கு இணங்கும் மயிர்க்கால்களில் இந்த வளர்பருவத்தைச் சுற்றுக்குச் சுற்று குறுக்குகிறது. முளைக்கும் முடி ஒவ்வொரு முறையும் மெலிந்து, கடைசியில் பூனைமுடியாகிவிடுகிறது. பிடரியிலும் காதோரத்திலும் உள்ள மயிர்க்கால்கள் பெரும்பாலும் அதற்கு இணங்குவதில்லை என்பதால்தான், முழு வழுக்கையிலும் அங்கே ஒரு வளையம் எஞ்சுகிறது.

இது தெரியவந்த கதை சுவையானது. பருவமடையும் முன்பே விதை நீக்கப்பட்ட ஆண்களுக்கு வழுக்கை விழவில்லை என்பதையும், டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தபோது அவர்களில் பரம்பரைச் சாய்வு உள்ளவர்களுக்கு அது தொடங்கியதையும் அமெரிக்க ஆய்வாளர் ஜேம்ஸ் ஹாமில்டன் 1942இல் பதிவு செய்தார். பிறகு, டெஸ்டோஸ்டிரோனை டிஎச்டியாக மாற்றும் நொதி பிறவியிலேயே குறைந்திருந்த சிலரைப் பற்றிய ஆய்வு டொமினிக்கன் குடியரசிலிருந்து 1974இல் வெளிவந்தது. அவர்களுக்கு நெற்றி ஏறவில்லை. அந்த நொதியைத் தடுக்கும் மாத்திரைதான் ஃபினாஸ்டெரைடு. உங்கள் அப்பாவின் முடியைப் பொறுத்தவரை, டிஎச்டியை ஏற்கும் மரபணு எக்ஸ் குரோமோசோமில், அதாவது ஆண்களுக்குத் தாய்வழியாக வருகிறது. ஆனால் வேறு பல மரபணுக்கள் இரு பக்கத்திலிருந்தும் சேர்வதால், அப்பாவின் தலையையோ தாய்மாமன் தலையையோ பார்த்து நம் தலைக்கு ஜாதகம் கணிக்க முடியாது.

மருந்துக்கு முன், உங்களுக்கு இருப்பது ஆண்வகை வழுக்கைதானா என்று தோல் மருத்துவர் உறுதிசெய்ய வேண்டும். கடுமையான காய்ச்சலுக்கோ, அறுவைக்கோ, பட்டினிபோன்ற உணவுக் குறைப்புக்கோ இரண்டு மூன்று மாதம் கழித்துத் தலை முழுவதும் கொத்துக்கொத்தாக உதிர்ந்தால், அது பெரும்பாலும் தானே மீளும் வேறு நிலை. வட்டமாகச் சொட்டை விழுந்தால் அது புழுவெட்டாக இருக்கலாம். இரும்புச் சத்துக் குறைவும் தைராய்டும் தனிக் காரணங்கள். பெண்களுக்கு இதே குறைபாடு வகிடு அகலுவதாகத் தெரியும், முன்விளிம்பு பொதுவாக நிலைத்திருக்கும்.

உறுதியான சான்றுள்ள மருந்துகளில் முதன்மையானவை இரண்டு. மினாக்ஸிடில் இரத்த அழுத்த மாத்திரையாகப் பிறந்தது. உண்டவர்களுக்கு உடலெங்கும் முடி வளர்ந்ததால் தலையில் தடவும் மருந்தாகி, 1988இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அது வளர்பருவத்தை நீட்டுகிறது, டிஎச்டியைத் தொடுவதில்லை. முதல் சில வாரங்களில் உதிர்வு கூடக்கூடும். எனக்குக் கூடியது, பயந்து நிறுத்தப் பார்த்தேன். ஓய்வுப் பருவத்து முடிகளைப் புதியவை தள்ளுகின்றன என்று மருத்துவர் விளக்கியிராவிட்டால் நிறுத்தியே இருப்பேன். நான்கு மாதத்துக்கு முன் பலனைத் தேடாதீர்கள். வீட்டில் பூனை இருந்தால் இந்த மருந்து அதன்மேல் படவே கூடாது. அதற்கு இது நஞ்சு.

ஃபினாஸ்டெரைடு ஒரு மில்லிகிராம் 1997இல் ஆண்களின் வழுக்கைக்கு அனுமதிக்கப்பட்டது. ஏறிய நெற்றியை இறக்குவதைவிட, இருப்பதைக் காப்பதிலும் உச்சியை அடர்த்தியாக்குவதிலும் அது வல்லது. சிலருக்குப் பாலுணர்வு குறைதல், விறைப்புக் குறைவு, மனச்சோர்வு ஆகியவை நேர்கின்றன. நிறுத்தினால் பெரும்பாலோருக்குச் சரியாகிறது, ஆனால் நிறுத்திய பின்னும் தொடர்ந்ததாகக் கூறுவோர் உண்டு என்பதால், ஏற்கெனவே மனச்சோர்வு இருந்தால் மருத்துவரிடம் மறைக்கக் கூடாது. கருவிலுள்ள ஆண் சிசுவைப் பாதிக்கும் என்பதால் கருவுற்ற பெண்கள் உடைந்த மாத்திரையைத் தொடவும் கூடாது. புராஸ்டேட் பரிசோதனையான பிஎஸ்ஏ அளவை இது ஏறக்குறைய பாதியாகக் காட்டும்; பிற்காலத்தில் பரிசோதிக்கும்போது சொல்லிவிட வேண்டும்.

இரண்டும் நிறுத்தினால் நின்றுவிடும் மருந்துகள். சலிப்பில் ஒருமுறை ஓராண்டு போல விட்டுவிட்டேன். காத்து வைத்திருந்த உச்சி மெலிந்தது, மீண்டும் தொடங்கியும் பழைய அடர்த்தி முழுதாகத் திரும்பவில்லை.

பயோட்டின் என்னும் பி வைட்டமின் மாத்திரை, அந்தச் சத்து குறைவாக இல்லாதவருக்கு முடியில் பயன் தருவதற்கான நல்ல சான்று இல்லாதது. தைராய்டு இரத்தப் பரிசோதனையைத் தவறாகக் காட்டவும் வல்லது. நம் இரத்தத்திலிருந்தே பிரித்தெடுத்துத் தலையில் போடும் பிஆர்பி ஊசியும் லேசர் தொப்பியும் சிலருக்கு ஓரளவு உதவலாம், ஆனால் முதல் இரண்டின் இடத்தை அவற்றுக்குக் கொடுக்க மாட்டேன்.

முடி மாற்று அறுவையில் பிடரியின் முடி இடம் மாறினாலும் தன் குணத்தை மாற்றிக்கொள்வதில்லை. அமெரிக்கத் தோல் மருத்துவர் நார்மன் ஓரன்ட்ரைக் 1959இல் எழுதியது இதைத்தான். உங்கள் வயதில் சிக்கலும் இங்கேதான்: நட்ட முடி அப்படியே நிற்கும்போது, அதன் பின்னாலுள்ள சொந்த முடி தொடர்ந்து பின்வாங்கினால், நெற்றியில் ஒரு தீவு மட்டும் நிற்கும். அதை நிரப்ப மறுபடியும் பிடரியிலிருந்துதான் எடுக்க வேண்டும், அங்கே இருப்போ அளவானது. ஆகவே இப்போது ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில், உலர்ந்த தலையோடு முன்னும் உச்சியும் தெரிய மூன்று மாதத்துக்கு ஒருமுறை படமெடுத்து வையுங்கள். மருத்துவர் ஒப்பும் மருந்தை ஓராண்டு தவறாமல் எடுத்த பிறகு, அந்தப் படங்களோடு போய் அறுவை பற்றிப் பேசுங்கள்.