கையேட்டைப் படி என்றால் வெளியே போ என்று பொருளா?

கேள்வி: உபுண்டு இயங்குதளத்தில் பழகிய நான், பழைய மடிக்கணினியில் ஓபன்பிஎஸ்டி என்ற இன்னொரு இயங்குதளத்தை நிறுவினேன். ப்ளூடூத் இல்லை. மின்வெட்டுக்குப் பிறகு கணினி பாதியில் நின்றுவிட்டது. உதவி கேட்டால் "கையேட்டைப் படியுங்கள்" என்று ஒரே வரி. புதியவர்களை இவர்களுக்குப் பிடிக்காதா?
- வாசகர், சாட்ஸ்வர்த், டர்பன்

பதில்: அந்த வரி சுருக்கென்று தைத்திருக்கும். ஆனால் நீங்கள் வந்திருப்பது வேறு வீடு. நம் தென்னாப்பிரிக்காவின் மார்க் ஷட்டில்வொர்த் 2004இல் கொண்டுவந்த உபுண்டு, எல்லோரையும் வா வா என்று அழைத்தது. குறுந்தகடுகளைக்கூட இலவசமாக அனுப்பிவைத்தது. 1995இல் தியோ டி ராட் தொடங்கிய ஓபன்பிஎஸ்டியோ, எழுதுகிறவர்கள் தங்கள் தேவைக்காக எழுதுவது. நீங்களும் எடுத்துக்கொள்ளலாம், ஆள் சேர்ப்பது அவர்கள் நோக்கமில்லை.

ப்ளூடூத்தை 2014இல் அவர்களே நீக்கிவிட்டார்கள். வாதாடிப் பயனில்லை, கம்பியுள்ள ஹெட்போன் வாங்குங்கள்.

மின்வெட்டுதான் நமக்குப் பெரிய விஷயம். ஓபன்பிஎஸ்டியின் கோப்பு முறைமையில் ஜர்னல் (மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் பதிவேடு) கிடையாது. மின்சாரம் சட்டென்று போனால், அடுத்த முறை தொடங்கும்போது வட்டைச் சரிபார்க்கும். தானாகத் திருத்த முடியாத பிழை இருந்தால், வட்டைச் சரிபார்க்கும் 'எஃப்எஸ்சிகே' (fsck) கட்டளையை நீங்களே இயக்குங்கள் என்று சொல்லி நின்றுவிடும். உங்களுக்கு நடந்தது பெரும்பாலும் இதுதான். எண்டரைத் தட்டி, அந்தக் கட்டளையை '-ஒய்' (-y) சேர்த்துக் கொடுங்கள், முடிந்ததும் 'எக்சிட்'. கடைசியாக எழுதிய கோப்புகள் ஒன்றிரண்டு தொலையலாம். நல்ல பேட்டரி இருந்தால் மடிக்கணினி மின்வெட்டில் அணையாது; உங்களுடையது செத்திருக்கும். முதல் செலவு அதற்குத்தான்.

இனி அந்தக் கையேடு. இங்கே கையேட்டில் தவறு இருந்தால் அதையும் நிரல் பிழையாகவே எண்ணித் திருத்துகிறார்கள். அதனால் "படியுங்கள்" என்பது அவர்களைப் பொறுத்தவரை முழுமையான பதில். ரூட் (நிர்வாகி) கணக்கில் நுழைந்து 'மெயில்' என்று தட்டிப் பாருங்கள்: நிறுவிய அன்றே தியோ பெயரில் ஒரு வரவேற்புக் கடிதம் வந்து காத்திருக்கும். அது 'ஆஃப்டர்பூட்' (afterboot) என்ற கையேட்டுப் பக்கத்தைக் காட்டும். ஒரு மாலை முழுவதும் அதற்கு ஒதுக்குங்கள். நான் இதுவரை படித்த கணினி ஆவணங்களில் இவ்வளவு அக்கறையாக எழுதப்பட்டவை மிகக் குறைவு.

அதற்குப் பிறகும் சிக்கல் இருந்தால் தயங்காமல் கேளுங்கள். "வேலை செய்யவில்லை" என்று மட்டும் எழுதாதீர்கள். எந்தப் பக்கத்தைப் படித்தீர்கள், என்ன கட்டளை கொடுத்தீர்கள், திரையில் என்ன வந்தது என்று எழுதி, 'டிமெசேஜ்' (dmesg) கட்டளை காட்டும் அத்தனை வரிகளையும் வெட்டாமல் இணையுங்கள். எந்தச் சில்லு, எந்த டிரைவர் என்பதெல்லாம் அந்த வரிகளில்தான் இருக்கிறது.