ஒளியும் நிறமும்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: செல்போன் திரையில் மஞ்சள் நிறமே கிடையாது என்று என் மகள் சொல்கிறாள். உண்மையா சார்?

பதில்: உண்மைதான். பளிச்சென்ற மஞ்சள் படம் ஒன்றைத் திறந்து, திரை மேல் ஊசி முனையளவு தண்ணீர்த் துளி வைத்து உற்றுப் பாருங்கள். துளி லென்ஸாக வேலை செய்யும். சிவப்பும் பச்சையுமாகப் பொடிப் பொடிப் புள்ளிகள் எரிவது தெரியும். நீலப் புள்ளிகள் அணைந்திருக்கும். மஞ்சள் புள்ளி ஒன்றுகூட இருக்காது.

நம் விழித்திரையில் மூன்று வகைக் கூம்பு செல்கள் உண்டு. அவை அதிகம் தூண்டப்படுவது சுமார் 420, 530, 560 நானோமீட்டர் அலைநீளங்களில். 580 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட மஞ்சள் ஒளி வந்தால் பின்னிரண்டும் தூண்டப்படும். சிவப்பையும் பச்சையையும் சரியான அளவில் கலந்து அனுப்பினாலும் அதே இரண்டு, அதே விகிதத்தில். மூளைக்கு இரண்டையும் பிரித்தறிய வழியே இல்லை. ஒளியில் இருப்பது அலைநீளம் மட்டுமே, நிறம் என்பது கண்ணும் மூளையும் சேர்ந்து செய்வது. இது ஒன்று பிடிபட்டால் மற்றதெல்லாம் தானே விளங்கும்.

கேள்வி: அப்படியானால் எல்லா மஞ்சள் வெளிச்சமும் ஒன்றுதானா?

பதில்: நேரே பார்க்கும்போது ஒன்றுதான். ஒரு பொருள் மேல் விழும்போது குட்டு வெளிப்பட்டுவிடும். குறை அழுத்த சோடியம் விளக்கு ஏறக்குறைய 589 நானோமீட்டர் ஒளியை மட்டுமே தரும். அதன் கீழே சிவப்புத் துணி கருத்துப்போய்த் தெரியும், திருப்பி அனுப்பச் சிவப்பு ஒளியே அங்கு இல்லை. திரையின் மஞ்சள் ஒளியில் அதே துணி சிவப்பாகவே தெரியும். துணிக்கடை விளக்கில் பொருந்திய இரண்டு நிறங்கள் வெயிலில் பொருந்தாமல் போவதும் இதனால்தான்.

கேள்வி: வானவில்லில் மெஜந்தாவைக் காணோமே?

பதில்: அதற்கென்று அலைநீளமே கிடையாது. சிவப்பும் நீலமும் சேர்ந்து வந்து, நடுவில் பச்சை இல்லாதபோது நாம் காண்பது அது.

கேள்வி: குறைந்த அலைநீளம் அதிகம் சிதறும் என்றால் வானம் ஊதாவாக அல்லவா இருக்க வேண்டும்?

பதில்: அருமையான கேள்வி, பல பாடநூல்கள் இதைத் தொடுவதே இல்லை. இயற்பியலாளர் ராலே கண்ட சிதறல் விதியின்படி 400 நானோமீட்டர் ஒளி 700 நானோமீட்டர் ஒளியைவிட 9 மடங்குக்கு மேல் சிதறும். ஊதா ஒளி வரத்தான் செய்கிறது. ஆனால் சூரியஒளியில் நீலத்தைவிட ஊதா குறைவு, நம் கண்ணுக்கும் ஊதாவை உணரும் திறன் குறைவு. அப்புறம், வானத்திலிருந்து மற்ற அலைநீளங்களும் கொஞ்சம் கொஞ்சம் வருகின்றன. அந்தக் கலவை மொத்தமும் கூம்பு செல்களுக்கு வெளிர் நீலமாகப் படுகிறது.

கேள்வி: கடல் நீலமாக இருப்பது வானத்தின் பிரதிபலிப்பால்தானே?

பதில்: ராலேயும் அப்படித்தான் கருதினார். 1921இல் கப்பலில் வந்துகொண்டிருந்த சி. வி. ராமன், நிக்கோல் பட்டகம் என்ற படிகக் கருவி வழியாகப் பிரதிபலிப்பைத் தடுத்துவிட்டுக் கடலைப் பார்த்தார். நீலம் மங்கவில்லை. தண்ணீர் சிவப்பை உறிஞ்சிக்கொள்கிறது, எஞ்சியது சிதறி மேலே வருகிறது. பிரதிபலிப்புக்கும் பங்கு உண்டு, ஆனால் அது மட்டும் காரணமல்ல.

கேள்வி: பழுப்பு எந்த அலைநீளம்?

பதில்: அதுவும் தனி அலைநீளம் அல்ல. சுற்றுப்புறத்தைவிட மங்கலாக இருக்கும் ஆரஞ்சுதான் பழுப்பு. இருட்டறையில், சுற்றிலும் கருப்பு வைத்து, திரை நடுவே ஒரு பழுப்புக் கட்டத்தை மட்டும் பிரகாசமாக ஒளிரவிடுங்கள், ஆரஞ்சாகத் தெரியும். பின்னணியை வெள்ளையாக்கினால் மறுபடி பழுப்பு.